தீபாவளிக் கூட்டத்தில் சாவியை யார் வாங்கி வைப்பது?

கீழ் டிவிசன் பையன் | 11 அக்டோபர் 2025, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இன்னும் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிற குடும்பம் நாங்கள். அப்பாவுக்கு வேலை முடிய இன்னும் இரண்டு வருஷம், அப்புறம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் இந்தத் தீபாவளிக்கு எல்லாரும் இங்கேதான் வர வேண்டும் என்று பாட்டி உத்தரவு போட்டுவிட்டார். ஷா ஆலமிலிருந்து பெரியப்பா குடும்பம், ஜொகூரிலிருந்து மச்சான், பினாங்கு அத்தை, சின்னச் சித்தப்பா, அவருடைய கூட்டாளிகள் என்று எண்ணினால் முப்பது தலை தாண்டுகிறது. தீபாவளி திங்கட்கிழமை வருவதால் சனிக்கிழமையே கூடாரம் போட்டுவிடுவார்கள்.

பிரச்சினை என்ன என்று சொல்லாமலே தெரிந்திருக்கும். குடிப்பது சரியா தப்பா என்று பேச வரவில்லை, நானும் குடிப்பவன்தான். போன வருஷம் ராத்திரி பதினொன்றரைக்கு சின்னச் சித்தப்பா ஐஸ் வாங்கி வருகிறேன் என்று ஈஎக்ஸ் ஃபைவ் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பின்னால் என் தம்பி, அப்போது 14 வயது, ஹெல்மெட் கிடையாது. ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். நான் காரில் தேடிப் போனேன், அப்போது நானும் மூன்று கேன் உள்ளே விட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில் வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியலில் மோட்டார் மூக்கைச் செருகிக்கொண்டு நிற்கிறது, பின் லைட் மட்டும் எரிகிறது. சித்தப்பா தரையில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார். தம்பி ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். ஐஸ் பை ரோட்டில் கிடந்து உருகிக்கொண்டிருந்தது.

வீட்டில் யாருக்கும் இன்று வரை தெரியாது. சாவியைக் கேட்டால் "உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன்டா நான்" என்று ஆரம்பித்துவிடுவார். கிராப் டாக்சி போடு என்று எழுதாதீர்கள், ராத்திரியில் தோட்டத்துக்குள் ஒருத்தனும் வரமாட்டான். யாராவது தங்கள் வீட்டில் செய்து பார்த்து உண்மையிலேயே வேலைக்கு ஆன வழி இருந்தால் சொல்லுங்கள். "குடிக்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்" என்பதும் வேண்டாம், அதைப் பாட்டி நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குலை லோரி | 11 அக்டோபர், இரவு 11:55

தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேல் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவன், உங்கள் பக்கத்து ரோடெல்லாம் தெரியும். முதலில் ஒன்றைக் கவனி. டிவியில், ரேடியோவில் எல்லாம் குடித்துவிட்டு வீட்டுக்குக் காரோட்டிப் போகாதே என்றுதான் சொல்வார்கள். தோட்டத்துத் தீபாவளியில் எவன் வீட்டுக்குப் போகிறான்? எல்லாரும் பாய் விரித்து அங்கேயே படுக்கிற கூட்டம்தானே. நம் ஆள் அடிபடுவது அந்தக் குட்டிப் பயணத்தில்தான். ஐஸ் தீர்ந்துபோச்சு, சிகரெட் இல்லை, சோடா பத்தாது, கூட்டாளியை மேல் டிவிசனில் விட்டுவிட்டு ஐந்து நிமிஷத்தில் வருகிறேன். இதை எவனும் வண்டி ஓட்டுவதாகவே கணக்கில் எடுப்பதில்லை. சிம்பாங் முச்சந்தி வரைக்கும்தானே, போலீஸ் எங்கே நிற்கப் போகிறான் என்பதுதான் பேச்சு.

என் அண்ணன் அப்படித்தான் போனார். சிகரெட் வாங்கத்தான். ரோட்டோரப் பாரிட்டில், அதான் வாய்க்காலில், தண்ணி நிறைய இல்லை, ரெண்டு அடி கூட இருக்காது, ஆனால் மோட்டார் மேலே விழுந்து ஆள் குப்புறக் கிடந்திருக்கிறார். காலையில் மாடு மேய்க்கப் போனவர்தான் பார்த்தார். தலையில் ஒரு காயமும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்த இருபது வெள்ளி (ரிங்கிட்) நோட்டை எங்கள் அம்மா காயவைத்து இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

அதனால் நீ சாவிக்கு முன்னால் சாமானைப் பார். ஐஸ் பெட்டி இரண்டு, பெரியதாக. சோடா, சிகரெட், கொசுவத்தி, பிள்ளைகளுக்குப் பட்டாசு கொளுத்தும் லைட்டர் முதற்கொண்டு சனிக்கிழமை பகலிலேயே வாங்கி வைத்துவிடு. வெளியே போகக் காரணமே இருக்கக்கூடாது. சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதற்கு மட்டும் நீ கவலைப்படாதே.

இன்னொன்று. குடித்தவனை வாடையில் கண்டுபிடித்துவிடலாம். மற்ற போதைக்கு வாடை வராது. லோரிக்காரன் நானே சொல்கிறேன், இந்த வேலையில் கெத்தும் இலைப் போதைத் தண்ணி குடிக்கிறவன் இருக்கிறான், இருமல் மருந்தைப் பாட்டிலோடு கவிழ்க்கிறவன் இருக்கிறான், சியாபு என்கிற போதைப்பொருளை இழுத்துவிட்டு ரெண்டு நாள் கண்ணை மூடாமல் ஓட்டுகிறவனும் இருக்கிறான். பெருநாளுக்கு முன்னால் டிரிப் அதிகம், தூங்காமல் ஓட்டி முடித்து நேராகக் கூடாரத்துக்கு வந்து உட்காருவான். பத்து கிளாஸ் போனாலும் தெளிவாகப் பேசுவான். "எனக்கு ஏறவே இல்லை" என்பான். ஏறாமல் இல்லை, சியாபு அதை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது இறங்குகிற நேரத்தில் ஆள் ஸ்டேரிங்கிலேயே தூங்கிவிடுவான். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருத்தன் இருந்தால் நல்லா ஆடுகிறவனை விட்டுவிட்டு அந்தத் தெளிவாகப் பேசுகிறவன் மேல் கண் வை.

2025 மே 13-ல் சித்ரா பௌர்ணமி பாதுகாப்பு வேலை முடிந்து தெலுக் இந்தானிலிருந்து திரும்பிய எஃப்ஆர்யூ கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் 9 பேர் லோரி மோதி இறந்தது ஞாபகம் இருக்கும். அது குடிக் கதை இல்லை, ஆனால் அன்றிலிருந்து அது நடந்த சிக்குஸ் பக்கம் போகும்போதெல்லாம் எதிரே வருகிற லைட்டைப் பார்த்தால் எனக்குக் கை கூசுகிறது. நம் பக்கத்து ரோடு அப்படி, அதில் போய் நீ வேறு ஐஸ் வாங்கப் போகிறாய்.

ரவாங் மச்சான் | 12 அக்டோபர், காலை 9:10

கோபப்படாதீர்கள், ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தப் பேச்சுதானா? வருஷம் முழுக்க வெயிலில் மாடாக உழைக்கிற மனுஷன் ஒரு ராத்திரி ஜாலியாக இருந்தால் என்ன. மற்ற பெருநாளில் எல்லாரும் தண்ணி போடாமலா இருக்கிறார்கள்? நாமே நம்மைக் குடிகாரன் குடிகாரன் என்று எழுதி எழுதித்தான் மற்றவன் வாயிலும் அது வருகிறது. எங்கள் மாமா நாற்பது வருஷமாகக் குடித்துவிட்டு மோட்டார் ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. மெதுவாகப் போனால் போதும். ரொம்ப ஏறினால் எலுமிச்சம்பழத் தண்ணியும் பால் இல்லாத கோப்பி ஓவும் கொடுங்கள், இறங்கிவிடும்.

பழைய மிஸ்ஸி | 12 அக்டோபர், பகல் 1:25

ரவாங் தம்பி, குடிகாரன் என்ற பெயர் நமக்கு ஒட்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான், அதில் உன்னோடு சண்டை இல்லை. ஆனால் கோப்பி விஷயத்தில் விடமாட்டேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள், தீபாவளி ராத்திரி டூட்டி எத்தனை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

உடம்பு சாராயத்தைக் கரைக்கிற வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். கோப்பி, எலுமிச்சை, தயிர், குளிர்ந்த தண்ணியில் தலை முழுகுவது, வாந்தி எடுப்பது, எதுவும் ஈரலை விரட்டாது. கோப்பி குடித்தால் தூக்கம் கலையும், அவ்வளவுதான். முழித்துக்கொண்டிருக்கிற போதைக்காரர் கிடைப்பார்.

சரி, ஒரு கணக்கு. 5 சதவீதப் பீர் ஒரு கேனும், 40 மில்லி விஸ்கியும் ஏறக்குறைய ஒரே அளவு சாராயம், 13 கிராம் பக்கம். "பீர்தானே" என்ற பேச்சே தப்பு. அதிலும் நம் வீட்டில் யார் 40 மில்லி அளந்து ஊற்றுகிறார்கள்? ரெண்டு விரல் என்று ஆரம்பிப்பார்கள், மூன்றாவது கிளாஸில் விரலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து அளப்பார்கள். 70 கிலோ ஆள் ராத்திரி 9 மணியிலிருந்து 1 மணி வரை அரைப் பாட்டில் விஸ்கி, அதாவது 350 மில்லி குடிக்கிறார் என்று வையுங்கள். காலை 7 மணிக்கு அவர் ரத்தத்தில் இன்னும் 80 மில்லிகிராம் பக்கத்தில் நிற்கும். நம் நாட்டில் அனுமதி 50. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் ஐந்து மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோமே, அதுதான் மோசம். தலை லேசாக இருக்கும், கண் பளிச்சென்று இருக்கும், புது வேட்டி கட்டி விபூதி பூசி, பேரப்பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவார். ராத்திரி ரோட்டில் தனியாக விழுந்தவரைவிடத் தீபாவளிக் காலையில் குடும்பத்தோடு வந்த கேஸ்தான் எனக்கு மறக்கவில்லை. அதை இங்கே எழுத மனசு வரவில்லை.

உங்கள் மாமாவுக்கு நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்றால் அது எதிரே வந்தவர்கள் நன்றாக ஓட்டினார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் மாத்திரை. பெருநாள் நேரத்தில் மழை, எல்லாருக்கும் சளி. சளிக்குக் கொடுக்கிற அந்தக் குட்டி மஞ்சள் மாத்திரை தனியாகவே தூக்கம் கொடுக்கும், அதன் மேல் இரண்டு பெக் என்றால் கணக்கு இரண்டோடு நிற்காது. நம் ஆட்களில் நிறைய பேருக்கு இனிப்பு நீர் வேறு. மாத்திரை போட்டுவிட்டு, ஊசி போட்டுவிட்டு, சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை படக்கென்று இறங்கும். வேர்க்கும், உளறுவார், தள்ளாடுவார், பார்க்கிறவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஒருத்தர் ஸ்டேரிங் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கூப்பிட்டால் எழுந்திருக்காதவரை மல்லாக்கப் போட்டுவிட்டுப் போகாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 999 அடியுங்கள்.

கோர்ட்டுக் கிராணி | 12 அக்டோபர், மாலை 6:02

வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருக்கிறேன், வக்கீல் இல்லை, அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மிஸ்ஸி அக்கா சொன்ன 50 சரி. முன்பு 80 இருந்தது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி 2020 அக்டோபர் 23 முதல் குறைத்தார்கள். ஊதிப் பார்ப்பதில் 35 மைக்ரோகிராம் இருந்தது 22 ஆனது. பழைய கணக்கை மனசில் வைத்துக்கொண்டு "ரெண்டு கேன் ஓக்கே" என்று சொல்கிறவர்கள் இன்னும் நிறைய.

அளவுக்கு மேல் இருந்தால், யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும், 45ஏ பிரிவில் முதல் தடவைக்கு அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வரை, இரண்டு வருஷம் வரை ஜெயிலும் உண்டு, லைசன்ஸ் குறைந்தது இரண்டு வருஷம் போகும். பத்தாயிரம் என்பது ஆகக் குறைந்த தொகை. மாஜிஸ்திரேட் பாவம் பார்த்தாலும் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. குடித்தோ போதையிலோ ஓட்டி ஒரு உயிர் போனால் 44-ஆம் பிரிவு, முதல் தடவைக்கே 10 முதல் 15 வருஷம் ஜெயில், 50,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி அபராதம். காயம் என்றால் 7 முதல் 10 வருஷம். போதைப்பொருளுக்கும் இதே பிரிவுதான். தவிர சிறுநீர்ச் சோதனையில் சியாபு வந்தால் அது தனிக் கேஸ். ஊத மாட்டேன் என்று வீம்பு பிடிப்பதும் குற்றம்தான்.

நிறைய பேருக்குத் தெரியாதது ஒன்று. ஓட்டாமல் ஸ்டேரிங்குக்கு முன்னால் ஏர்கோன் போட்டுக்கொண்டு தூங்கினாலும் 45-ஆம் பிரிவு இருக்கிறது, வண்டி உன் பொறுப்பில் இருந்தது என்பார்கள். ஓட்டுகிற வாய்ப்பே இல்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். ஆகவே காரில்தான் படுப்பேன் என்கிறவர் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் படுக்கட்டும்.

இன்சூரன்சும் அப்படித்தான். போதையில் மோதினால் சொந்த வண்டிக்குக் காசு வராது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு உன்னிடம் திருப்பிக் கேட்கலாம். கார்க் கடன் மட்டும் மாசா மாசம் ஓடும். எங்கள் ஆபீசில் ஒரு கேஸ், கார் இரும்புக்கடைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, அவர் இன்னும் தவணை கட்டுகிறார்.

சிலிம் ரிவர் அக்கா | 12 அக்டோபர், இரவு 9:48

தம்பி நீ கேட்டது சாவியை எப்படி வாங்குவது என்று, எல்லாரும் சட்டமும் ரத்தமும் பேசுகிறார்கள், நான் நேராக வருகிறேன். எங்கள் வீட்டில் மைலோ டின். மூன்று வருஷமாக ஓடுகிறது.

ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்காதே. அப்போது அது சாவி இல்லை, அவர் மானம். முதல் பாட்டில் திறப்பதற்கு முன்னால், எல்லாரும் தெளிவாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது டின் வர வேண்டும். எல்லார் சாவியும், குடிக்காதவர் சாவியும் சேர்த்து, அப்போதுதான் யாரையும் தனியாகக் குறிவைத்த மாதிரி இருக்காது. மோட்டார் சாவியை மறக்காதே, கார் சாவியைப் போட்டுவிட்டு மோட்டாரில் போகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் டின்னை யார் கொண்டுவருவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீ போனால் "பெரிய மனுஷனாயிட்டியா" என்பார். உன் தம்பியை அனுப்பு. சித்தப்பா முன்னால் அவன் ஒன்றும் பேச வேண்டாம், டின்னை நீட்டிக்கொண்டு நிற்கட்டும் போதும். நிறைந்ததும் பாட்டியிடம் கொடுத்துவிடு. பாட்டியிடம் போய் எவனும் சண்டை போட மாட்டான்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பெண்கள் எத்தனை பேரிடம் லைசன்ஸ் இருக்கிறது? அத்தை, அக்கா, மச்சான் பெண்டாட்டி எல்லாரும் தினமும் வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள்தானே. தீபாவளி அன்று மட்டும் எல்லாரும் குசினியில் முறுக்குப் பிழிவார்கள், தள்ளாடுகிற ஆம்பளை கார் ஓட்டுவார். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. இப்போது மணிக்கு ஒருத்தி டூட்டி, அந்த நேரத்துக்கு அவளுக்குக் குசினி வேலை கிடையாது. அதற்காகவே போட்டி.

ரவாங் மச்சான் | 12 அக்டோபர், இரவு 10:15

ஐஸ் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்ல யோசனைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். விரல் அளவு யார் வீட்டில் பார்த்தீர்கள் மிஸ்ஸி அக்கா, எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரியே இருக்கிறது.

கீழ் டிவிசன் பையன் | 22 அக்டோபர், இரவு 11:20

தாமதத்துக்கு மன்னிக்கவும், கூடாரம் பிரித்து, நாற்காலி திருப்பிக் கொடுத்து இன்றுதான் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை தம்பி டின்னோடு போனான். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை பேசவில்லை அவன், சித்தப்பா முன்னால் போய் நின்றான். சித்தப்பா அவனைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், "என்னடா, மைலோ தீர்ந்துபோச்சா" என்றார், அப்புறம் ஈஎக்ஸ் ஃபைவ் சாவியை எடுத்து முதல் ஆளாகப் போட்டார். அவரே போட்டதும் மற்றவர்கள் பேசவில்லை. பெரியப்பா மட்டும் "இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்" என்று முணுமுணுத்தார்.

ஐஸ் எட்டு பை வாங்கினேன் அண்ணே, பிள்ளைகள் சிராப் கலக்கியே ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் காலி செய்துவிட்டார்கள். பத்தரைக்கு சித்தப்பா எழுந்து நின்றார். அத்தை மகள் தன் மைவி கார் சாவியை டின்னிலிருந்து எடுத்துக்கொண்டு "வாங்க மாமா போவோம்" என்று கிளம்பிவிட்டாள். சிம்பாங் வரைக்கும் அவளுக்கு இடது வலது சொல்லிக்கொண்டே போனாராம், அவள் பிறந்து வளர்ந்த ரோடு அது. திரும்பி வந்து எல்லாரிடமும் நான்தான் கூட்டிப் போனேன் என்றார்.

சண்டை வந்தது திங்கட்கிழமை காலையில்தான். மிஸ்ஸி அக்கா சொன்னது அப்படியே. பெரியப்பா தலையில் சீயக்காய் வாசனையோடு, சட்டையில் மஞ்சள் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகச் சாவி கேட்டார். ராத்திரி இரண்டு மணி வரை கூடாரத்தில் இருந்தவர். பாட்டி டின்னை மடியில் வைத்துக்கொண்டு தோசை சாப்பிடு என்கிறார். "நான் குளிச்சாச்சும்மா" என்று கத்தினார், பக்கத்து லைனுக்கே கேட்டது. கடைசியில் அத்தை ஓட்ட, பின் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மதியம் ஆட்டுக்கறி வரும் வரைக்கும் யாரிடமும் பேசவில்லை.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஜொகூர் மச்சான் நேற்று கிளம்பும்போது பையிலிருந்து கார் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறான். டின்னில் போட்டாயே என்றேன். சிரித்தான். உள்ளே வந்து பார்த்தால் டின்னில் மிச்சம் ஒரே ஒரு சாவி, சின்னது, அவனுடைய ஆபீஸ் மேசை லாச்சி சாவி. இன்று காலையிலிருந்து அதைக் கூரியரில் அனுப்பச் சொல்லி மூன்று தடவை போன் செய்துவிட்டான், பாட்டி கொடுக்க மாட்டேன் என்கிறார்.